மஞ்சள் முதல் மானிட்டால் வரை: தலைக்காயமும் தாவர மருந்தும்

சென்ற இதழில், தலையில் அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கும் வரை செய்ய வேண்டியவற்றையும் செய்யக்கூடாதவற்றையும் எழுதியிருந்தேன். அதன் நடுவே, மஞ்சளில் உள்ள குர்குமின் போன்ற சில தாவரப் பொருள்கள் எலிகளின் மூளைக்காயத்தில் நல்ல பலன் காட்டியிருக்கின்றன என்று ஒரு வரி வந்திருந்தது. வந்து சேர்ந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே எழுதப்பட்டவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே தருகிறேன்.

என் மகனுக்கு 24 வயது. இரண்டு மாதங்களுக்கு முன் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து, ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். இப்போது நடக்கிறான், பேசுகிறான். ஆனால் மறதியும் எரிச்சலும் அதிகமாக இருக்கின்றன. வலிப்பு வராமலிருக்க ஃபெனிட்டாயின் மாத்திரை கொடுத்துவருகிறோம். குர்குமினும் மிளகுச் சாறும் சேர்ந்த மாத்திரை மூளையைப் புதுப்பிக்கும் என்று உறவினர் ஒருவர் வாங்கி வந்திருக்கிறார். கொடுக்கலாமா?
வாசகி, ஈரோடு

அந்த டப்பாவை இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். ஃபெனிட்டாயினுக்கும் மிளகுக்கும் உள்ள தொடர்பை நாகர்கோவில் வாசகருக்கான பதிலில் சொல்லியிருக்கிறேன். அதைத் தவறாமல் படியுங்கள். குர்குமின் பற்றிய நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

தலை தரையில் மோதும் அந்த நொடியிலேயே சில நரம்புச் செல்கள் நசுங்குகின்றன, நரம்பிழைகள் அறுபடுகின்றன, இரத்தக்குழாய்கள் கிழிகின்றன. இது முதல்நிலைக் காயம். நடந்து முடிந்த இந்தச் சேதத்தை எந்த மருந்தாலும் திருப்ப முடியாது. தலைக்கவசம் ஒன்றுதான் அதற்கு மருந்து. அதன்பின் சில நிமிடங்களில் தொடங்கி நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீள்வது இரண்டாம்நிலைக் காயம். உடைந்த செல்களிலிருந்து குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் கொட்டி, பக்கத்தில் நன்றாக இருக்கும் செல்களையும் அளவு கடந்து தூண்டுகிறது. அவற்றுக்குள் கால்சியம் புகுகிறது. ஆற்றலைத் தரும் மைட்டோகாண்ட்ரியா தடுமாறுகிறது. கட்டுக்கடங்காத ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல்லின் சவ்வை அரிக்கின்றன. மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா விழித்துக்கொண்டு அழற்சியைக் கிளப்புகின்றன. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு கசிந்து, நீர் உள்ளே இறங்கி, மூளை வீங்குகிறது. மண்டையோடு விரிந்துகொடுக்காத பெட்டி என்பதால், அந்த வீக்கமே உயிருக்கு உலை வைக்கிறது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் அறுக்கும் மருந்துகள் பலவும் தோற்ற பிறகு, ஒரே பொருள் பல கண்ணிகளைத் தொட்டால் என்ன என்ற எண்ணம் ஆய்வாளர்களுக்கு எழுந்தது. தாவரப் பொருள்களின் மீது கண் விழுந்தது அதனால்தான். குர்குமின், வெங்காயத்தில் உள்ள குவர்செட்டின், திராட்சைத் தோலின் ரெஸ்வெரட்ரால், பச்சைத் தேயிலையின் கேட்டச்சின்கள், முட்டைக்கோஸ் குடும்பத்துக் காய்களில் கிடைக்கும் சல்ஃபோராஃபேன் ஆகியவை எலிகளில் அழற்சியைத் தணித்திருக்கின்றன, வீக்கத்தைக் குறைத்திருக்கின்றன. சல்ஃபோராஃபேனின் வேலை இவற்றுள் சுவையானது. அது ஆக்சிஜன் மூலக்கூறுகளை நேரே பிடிப்பதில்லை; செல்லுக்குள் அடைபட்டிருக்கும் என்ஆர்எஃப்-2 என்ற புரதத்தை விடுவித்து, செல் தன் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைத் தானே தயாரிக்கும்படி செய்கிறது.

குர்குமினுக்கு வருவோம். அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 2006-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. உணவில் குர்குமின் கலந்து கொடுக்கப்பட்ட எலிகளுக்கு, மூளையில் அடிபட்ட பிறகும் நினைவுத்திறன் அவ்வளவாகக் குறையவில்லை என்பது அதன் முடிவு. உங்கள் உறவினருக்குக் கிடைத்த செய்தியில் இது சரியாகவே இருக்கக்கூடும். ஆனால் அந்த எலிகளுக்கு நான்கு வாரம் குர்குமின் கொடுத்த பிறகுதான் காயம் உண்டாக்கப்பட்டது என்ற விவரம் அதில் இருந்திருக்காது. உங்கள் மகனின் நிலை அதற்கு நேர் எதிரானது. அவருக்கு அடிபட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டது. குளூட்டமேட் வெள்ளம் எப்போதோ வடிந்துவிட்டது.

இன்னொரு சிக்கல், குர்குமின் உடலுக்குள் ஏறுவதே இல்லை என்பது. மஞ்சள்தூளில் அது ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்குதான். ஒரு தேக்கரண்டித் தூளில் 100 மில்லிகிராம்கூடத் தேறாது. 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தூய குர்குமினையே 2 கிராம் அளவுக்கு மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, இரத்தத்தில் அது கண்ணுக்குத் தட்டுப்படாத அளவில்தான் இருந்தது. மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராமைச் சேர்த்தபோது அந்த அளவு 2000 சதவீதம் உயர்ந்தது. இன்று ஒவ்வொரு குர்குமின் டப்பாவின் மீதும் அச்சிடப்படும் எண் இதுதான். ஏறக்குறைய ஒன்றுமில்லாததின் இருபது மடங்கு எவ்வளவு என்பதை டப்பா சொல்வதில்லை.

உங்கள் மகனின் மறதியும் எரிச்சலும் இந்தக் காயத்துக்குப் பின் மிகவும் பொதுவாகக் காணப்படுபவை. பல மாதங்களில் மெல்ல மெல்லக் குறைபவை. அவருக்கு இப்போது தேவைப்படுவது ஒழுங்கான தூக்கம், மதுவை அறவே தவிர்த்தல், வேலைக்குப் படிப்படியாகத் திரும்புதல், இயன்றால் நினைவுத்திறன் பயிற்சி தரும் உளவியலாளர் ஒருவரின் துணை. சமையலில் போடும் மஞ்சளை நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

எலிக்குப் பலித்தது மனிதருக்கு ஏன் பலிக்காது? 34 ஆண்டுகள் அறிவியல் ஆசிரியராக இருந்தவன் கேட்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.
வாசகர், தஞ்சாவூர்

விரிவாகச் சொல்ல வேண்டிய கேள்விதான், ஐயா. மூளைக்காய ஆராய்ச்சியின் வரலாறே இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

புரோஜெஸ்டிரோனை எடுத்துக்கொள்வோம். பெண்ணின் உடலில் சுரக்கும் இந்த ஹார்மோனுக்கும் தாவரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர், நம்மூர்ப் பெருவள்ளிக் கிழங்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு மெக்சிகோக் காட்டுக் கிழங்கில் உள்ள டயோஸ்ஜெனின் என்ற பொருளிலிருந்து இதைக் கிலோக்கணக்கில் தயாரித்துக் காட்டினார்; அதுவரை தங்கத்தைவிட விலை கூடியதாக இருந்த ஹார்மோன் அதன்பின்தான் மலிவானது. பின்னாளில் டொனால்ட் ஸ்டைன் என்ற நரம்பியல் ஆய்வாளர், மூளைக்காயத்திலிருந்து பெண் எலிகள் ஆண் எலிகளைவிட நன்றாக மீள்வதைக் கவனித்து, அதற்குக் காரணம் புரோஜெஸ்டிரோனாக இருக்கலாம் என்று பின்தொடர்ந்தார். விலங்குகளில் வீக்கம் குறைந்தது. நூறு பேர் அளவிலான முதற்கட்ட மனிதச் சோதனைகளிலும் இறப்பு குறைந்ததுபோல் தெரிந்தது. பிறகு இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன: ஒன்றில் 882 நோயாளிகள், மற்றொன்றில் 1195 நோயாளிகள். இரண்டின் முடிவும் 2014 டிசம்பரில் வெளியாயின. இரண்டிலும், மருந்து பெற்றவர்களுக்கும் வெற்றுத் திரவம் பெற்றவர்களுக்கும் எந்த வேறுபாடும் இல்லை.

டெக்ஸனபினால் என்ற மருந்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். கஞ்சாச் செடியின் வேதியியலை ஆராய்ந்தவர்கள், போதை தராதபடி அமைத்துச் செயற்கையாக உருவாக்கிய மூலக்கூறு அது. எலிகளின் மூளையை அருமையாகக் காத்தது. 15 நாடுகளில் கடுமையான தலைக்காயம் பட்ட 861 பேரிடம் நடத்தப்பட்ட சோதனையின் முடிவு 2006-இல் வெளிவந்தபோது, பலன் இல்லை என்பது உறுதியானது.

காரணங்கள் பல. எலியின் மூளை இரண்டு கிராம் அளவு; மேற்பரப்பில் மடிப்புகள் இல்லை; நம்முடைய மூளையில் நீண்ட நரம்பிழைகள் ஓடும் வெள்ளைப் பகுதி மிகுதி, அறுபடுவதும் பெரும்பாலும் அங்கேதான். ஆய்வகத்தில் ஒரே வயதுடைய, ஒரே இனத்து எலிகளுக்கு, ஒரே இடத்தில், ஒரே வேகத்தில் அடி விழுகிறது. நம் அவசரப் பிரிவுக்கு ஒரே இரவில் வரும் நான்கு தலைக்காய நோயாளிகளை எண்ணிப் பாருங்கள்: குடித்துவிட்டு வண்டியிலிருந்து விழுந்த இளைஞர், குளியலறையில் வழுக்கிய மூதாட்டி, தென்னையிலிருந்து விழுந்த தொழிலாளி, மாடியிலிருந்து விழுந்த குழந்தை. ஒருவருக்கு மண்டைக்குள் இரத்தக்கட்டு, ஒருவருக்கு மூளையே வீங்கியிருக்கிறது, ஒருவருக்கு ஸ்கேனில் ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் கண்விழிக்கவில்லை. நால்வருக்கும் 'தலைக்காயம்' என்றே சீட்டு எழுதப்படுகிறது.

என் கணிப்பில் இவற்றுள் பெரிய காரணம் நேரம்தான். எலிக்கு மருந்து காயத்துக்கு முன்போ, காயம் பட்ட அரை மணிக்குள்ளோ செலுத்தப்படுகிறது. மனிதர் விழுந்த இடத்திலிருந்து முதல் மருத்துவமனை, அங்கிருந்து ஸ்கேன், அங்கிருந்து பெரிய மருத்துவமனை என்று போய்ச் சேர்வதற்குள் பொழுதே சாய்ந்துவிடுகிறது.

'அழற்சியைக் குறைத்தால் நல்லது' என்ற எண்ணமே ஒருமுறை நம்மை ஏமாற்றியிருப்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அழற்சியைத் தணிப்பதில் ஸ்டீராய்டுகளை மிஞ்சிய மருந்து இல்லை. பல ஆண்டுகளாகத் தலைக்காயக்காரர்களுக்கு அவை கொடுக்கப்பட்டும் வந்தன. கிராஷ் என்ற பெயரில் 10,008 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2004-இல் வந்தது: ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9 சதவீதம். நல்லது செய்கிறோம் என்று நம்பிக் கொடுத்த மருந்து உயிர்களைப் பறித்திருந்தது. அழற்சி என்பது குப்பை அள்ளும் வேலையும்கூட. அதை எப்போது, எவ்வளவு அடக்குவது என்பது இன்றும் பிடிபடாத கணக்கு. ஒரு மூலிகை 'அழற்சியைத் தடுக்கும்' என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு எண்களும் நினைவுக்கு வருகின்றன.

மஞ்சளுக்கு அமெரிக்கா காப்புரிமை எடுத்து, இந்தியா வழக்காடி வென்றதே! சக்தி இல்லாத பொருளுக்கா காப்புரிமை கொடுத்தார்கள்?
வாசகர், சேலம்

1995-இல் அமெரிக்காவில் கொடுக்கப்பட்ட அந்தக் காப்புரிமை, காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவது பற்றியது. நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து வாதாடி, 1997-இல் அது நீக்கப்பட்டது. 'இது புதிய கண்டுபிடிப்பு அல்ல, எங்கள் வீடுகளில் காலங்காலமாக இருப்பது' என்பதே நம் வாதம். மஞ்சளின் சக்தி அங்கே விசாரணைக்கு வரவே இல்லை. மூளைக்கும் அந்த வழக்குக்கும் தொடர்பும் இல்லை.

தலைக்காய சிகிச்சையில் தாவரத்திலிருந்து வந்த ஏதாவது ஒரு மருந்தாவது உண்மையிலேயே பயன்பாட்டில் இருக்கிறதா?
மருந்தியல் மாணவி, மதுரை

இருக்கிறது, தலைக்காயத்துக்குச் சிகிச்சை அளிக்கும் எந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அதன் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தாவர மருந்து என்று யாரும் அதை நினைப்பதில்லை, அவ்வளவுதான்.

இத்தாலியின் சிசிலித் தீவில் ஒருவகை மரத்தின் பட்டையைக் கீறினால் வடியும் பால் வெயிலில் உறைந்து வெண்ணிறக் கட்டியாகிறது. இனிப்பான அந்தக் கட்டிக்கு மன்னா என்று பெயர். குழந்தைகளுக்கு மலமிளக்கியாக அதைக் கொடுத்துவந்தார்கள். 1806-இல் ஜோசஃப் லூயி புரூஸ்ட் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அதிலிருந்து ஒரு சர்க்கரை ஆல்கஹாலைப் பிரித்தெடுத்தார். அதுதான் மானிட்டால். இன்று மரத்திலிருந்து எடுப்பதில்லை; சர்க்கரையிலிருந்து ஆலையில் தயாரிக்கிறார்கள். பெயர் மட்டும் மரத்தை நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

மானிட்டால் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்கி மூளையைக் காப்பாற்றுவதாக நாங்கள் கருதுவதில்லை. அதன் வேலை ஊறுகாய் போடும் எந்தப் பாட்டிக்கும் புரியும். மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவினால் நீர் வெளியே வருகிறது அல்லவா? மானிட்டால் எளிதில் மூளைக்குள் நுழையாது. இரத்தத்தில் அதன் செறிவு கூடும்போது, வீங்கிய மூளையிலிருந்து நீர் இரத்தத்துக்கு இழுக்கப்பட்டு, சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. நோயாளியின் எடையில் கிலோவுக்கு கால் கிராம் முதல் ஒரு கிராம் வரை கொடுத்தால், மண்டைக்குள் அழுத்தம் நிமிடங்களில் இறங்குவதைத் திரையிலேயே பார்க்கலாம். வலுவான கரைசல் என்பதால் குளிரில் பாட்டிலுக்குள் படிகம் கட்டிவிடும். கதகதப்பான நீரில் வைத்துக் கரைத்துவிட்டு ஏற்றுவார்கள். இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு மிகவும் கசிந்த இடத்தில் மானிட்டாலே மூளைக்குள் புகுந்து நீரைத் திருப்பி இழுக்கும் ஆபத்தும் உண்டு. சிறுநீரகத்துக்கும் கெடுதல் செய்யலாம். இதனால் பல மருத்துவமனைகளில் அடர்ந்த உப்புக் கரைசலுக்கு மாறிவருகிறார்கள். இரண்டில் எது உயிர்களை அதிகம் காக்கிறது என்ற வாதம் இன்னும் முடியவில்லை.

மாணவியான நீங்கள் கவனிக்க வேண்டியது, இது எப்படி மருந்தாயிற்று என்பது. ஒரே மூலக்கூறு, எடைக்குத் தக்க அளவு, நரம்பு வழியாக நேரே இரத்தத்துக்குச் செல்லும் பாதை, பலனை உடனே அளக்க ஒரு கருவி. குர்குமினிடம் இந்த நான்கில் ஒன்றுகூட இன்னும் உறுதியாக அமையவில்லை. குர்குமினுக்கு வேறொரு சங்கடமும் உண்டு: சோதனைக் குழாயில் அது எந்தப் புரதத்தோடு சேர்ந்தாலும் ஏதோ ஒரு விளைவைக் காட்டி ஆய்வாளரை ஏமாற்றக்கூடிய மூலக்கூறு என்று 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் விரிவாக எழுதினார்கள். ஆய்வுக் கட்டுரை எழுதும் எண்ணம் இருந்தால் அதைத் தேடிப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

வல்லாரையும் நீர்ப்பிரமியும் ஒன்றா? எதைக் கொடுத்தால் தலைக்காயத்தின் பின் வரும் மறதி தீரும்?
வாசகி, கும்பகோணம்

இரண்டும் வேறு செடிகள். இரண்டையுமே 'பிராமி' என்று சில ஊர்களில் அழைப்பதால் கடைச்சரக்கிலும் குழப்பம் நேர்கிறது. வல்லாரையின் முக்கியப் பொருள் ஏஷியாட்டிகோசைடு. நீர்ப்பிரமியின் முக்கியப் பொருள் பேக்கோசைடு. நீர்ப்பிரமிச் சாற்றை ஆரோக்கியமானவர்கள் ஏறத்தாழ மூன்று மாதம் சாப்பிட்டபோது சில நினைவுத் தேர்வுகளில் சிறு முன்னேற்றம் காணப்பட்டது. அவர்கள் தலையில் அடிபட்டவர்கள் அல்லர். வல்லாரைத் துவையல் உணவு. யாரும் அதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. மாத்திரையாகவோ லேகியமாகவோ என்றால், அடுத்த பதில் உங்களுக்கும் பொருந்தும்.

தலைக்காயத்துக்குப் பின் வலிப்பு மாத்திரை சாப்பிடும் என் தம்பிக்கு, ஞாபகசக்திக்காக ஒரு மூலிகை சிரப்பும் கொடுக்கிறோம். மூலிகைதானே, என்ன கெடுதல் வந்துவிடும் என்கிறார்கள் வீட்டில்.
வாசகர், நாகர்கோவில்

சிரப்பின் பெயரைக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதில் சங்கபுஷ்பி சேர்ந்திருக்கிறது. 1992-இல் மும்பை மருத்துவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஃபெனிட்டாயின் மாத்திரையால் வலிப்பு அடங்கியிருந்த நோயாளிகளுக்கு, சங்கபுஷ்பி சேர்ந்த ஆயுர்வேத சிரப்பைச் சேர்த்துக்கொண்டபின் மீண்டும் வலிப்பு வந்தது. இரத்தத்தைச் சோதித்தபோது ஃபெனிட்டாயின் அளவு குறைந்திருந்தது. எலிகளில் செய்த ஆய்வும் அதையே காட்டியது.

மிளகு இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. அந்நியப் பொருள்களை மாற்றி வெளியேற்றும் கல்லீரல் நொதிகளைப் பைப்பரின் மந்தமாக்குகிறது. குர்குமின் இரத்தத்தில் கூடுவதும் அதனால்தான். நொதிக்கு ஆள் அடையாளம் தெரியாது. குர்குமினைக் காத்துக்கொடுக்கும் அதே பைப்பரின், ஃபெனிட்டாயினையும் இரத்தத்தில் ஏற்றிவிடுகிறது; வலிப்பு நோயாளிகளிடமே இது அளந்து காட்டப்பட்டிருக்கிறது. (இந்தக் குணத்தைக் குறையாக மட்டும் நினைக்க வேண்டாம், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினைக் குறைந்த அளவில் கொடுக்க, அதனுடன் பைப்பரினைச் சேர்க்கும் கூட்டு மாத்திரையை ஜம்மு ஆய்வுக்கூடம் ஒன்று உருவாக்கியது.) ஃபெனிட்டாயினின் இயல்பு வேறு விபரீதமானது: ஓர் எல்லையைத் தாண்டினால், அளவு சிறிது கூடினாலும் இரத்தத்தில் அது மளமளவென்று ஏறிவிடும். அப்போது தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, தூக்கக் கலக்கம் ஆகியவை வரும். தலையில் அடிபட்டவருக்கு இந்த அறிகுறிகள் வந்தால், வீட்டார் மூளை மோசமாகிறது என்று பதறுவார்கள். சில வேளைகளில் மருத்துவரும் அப்படியே எண்ணி ஸ்கேனுக்கு அனுப்புவார். ரசத்தில் போடும் மிளகால் இவ்வளவு தூரம் வராது. தினமும் தவறாமல் உட்கொள்ளும் செறிவூட்டிய சாறுதான் என் கவலை.

இரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுவோருக்கும் ஓர் எச்சரிக்கை. 2018-இல் நியூசிலாந்தின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பு, வார்ஃபரின் சாப்பிட்டுவந்த ஒருவருக்கு மஞ்சள் சாறு கலந்த பொருளால் இரத்தம் உறையும் தன்மை ஆபத்தான அளவுக்குக் குறைந்ததைப் பதிவு செய்தது. ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சாற்றின் மீதும் இரத்தக்கசிவு தொடர்பான ஐயம் உண்டு. மண்டைக்குள் அண்மையில் கசிவு ஏற்பட்டவருக்கு இந்த ஐயமே போதும், தவிர்த்துவிடலாம்.

தம்பிக்குச் சிரப்பை நிறுத்திவிட்டு, அந்த விவரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். அத்துடன் ஒரு கேள்வியும் கேளுங்கள்: காயத்துக்குப் பின் ஒருமுறைகூட வலிப்பு வராதவருக்கு, முதல் வாரத்துக்கு அப்பால் ஃபெனிட்டாயின் பலன் தருவதாக ஆய்வுகள் காட்டவில்லை என்பதால், இதைத் தொடர வேண்டுமா என்று. பதில் எதுவானாலும், மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

இங்கே சீன மருந்துக் கடைகளில் மூளைக்கான மூலிகைக் குளிகைகள் கிடைக்கின்றன. பக்கவாதத்துக்கும் தலைக்காயத்துக்கும் சோதித்தவை என்கிறார்கள். உண்மையா?
வாசகர், சிங்கப்பூர்

சோதித்தவை என்பது உண்மை. அந்த விஷயத்தில் சீனர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது நிறைய. ஒன்பது மூலிகைகள் சேர்ந்த எம்எல்சி-901 என்ற கூட்டு மருந்தை நியூசிலாந்தில் லேசான அல்லது மிதமான தலைக்காயம் பட்டவர்களிடம் சோதித்தபோது, கவனமும் திட்டமிடும் திறனும் ஓரளவு மேம்பட்டதாகத் தெரிந்தது. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் நூறு பேரைக்கூட எட்டவில்லை. தஞ்சாவூர் ஆசிரியருக்குச் சொன்ன புரோஜெஸ்டிரோன் கதையும் இப்படி ஒரு சிறிய சோதனையின் நம்பிக்கையில்தான் தொடங்கியது.

பெரிய சோதனைகள் இரு பக்கமும் பேசுகின்றன. மூளைக்குள் இரத்தக்கசிவு ஏற்பட்ட 1648 பேரிடம் ஒரு மரபுவழிச் சீன மூலிகைக் கஷாயத்தைச் சோதித்த ஆய்வு 2024-இல் வெளியானது; பலன் இல்லை. மாறாக, இரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்த 1165 பேரிடம் நடந்த சோதனையில், எடரவோன் என்ற மருந்துடன் டெக்ஸ்போர்னியால் என்ற போர்னியால் வகைப் பொருளையும் சேர்த்துப் பெற்றவர்கள், எடரவோனை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாக மீண்டார்கள். இது 2021-இல் வெளியானது. போர்னியால் யாரென்று தெரிகிறதா? போர்னியோ, சுமத்ரா காட்டு மரங்களிலிருந்து கப்பலேறி வந்த பழைய பச்சைக் கற்பூரத்தின் உயிர்ப்பொருள்தான் அது. இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் பச்சைக் கற்பூரம் வாங்கித் தலைக்காயக்காரருக்குக் கொடுத்துவிடக் கூடாது. இன்று அந்தப் பெயரில் விற்பது பல வேளைகளில் சாதாரணக் கற்பூரமே. கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரும், குழந்தைகளுக்குச் சிறிதளவே போதும். மேலும் அந்தச் சோதனை பக்கவாதத்துக்கு நடந்தது, தலைக்காயத்துக்கு அல்ல.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நம் மருத்துவத்தையே மட்டம் தட்டுவதுபோல் இருக்கிறது.
சித்த மருத்துவ மாணவர், பாளையங்கோட்டை

உங்கள் கோபம் புரிகிறது. நம் வீட்டுவாசல் நித்திய கல்யாணியிலிருந்து வந்த வின்கிரிஸ்டினால் இரத்தப்புற்று கண்ட குழந்தைகள் பிழைக்கிறார்கள். ஐரோப்பியப் பனித்துளிப் பூவின் கிழங்கில் கண்டெடுத்த கேலன்டமின், அல்ஸைமர் நோய்க்கு 2001 முதல் அமெரிக்காவில் எழுதப்படுகிறது. செடியிலிருந்து மருந்து வராது என்று நான் சொல்லவில்லை, சொன்னால் என் அலமாரியே என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

என் வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. மூலிகை ஆய்வுகள் ஏறக்குறைய எல்லாமே அடிபட்ட முதல் சில மணி நேரத்தைக் குறிவைக்கின்றன. நோயாளி மயக்கத்தில், வாயில் குழாயோடு கிடக்கும் அந்த நேரத்தில் சூரணமும் லேகியமும் என்ன செய்ய முடியும்? மாறாக, மூன்று மாதம் கழித்து வீட்டில் உட்கார்ந்து, தூக்கமின்மை, தலைவலி, மறதி, சோர்வு என்று அல்லாடும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு எங்களிடமும் கொடுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. நீர்ப்பிரமியையோ அமுக்கராவையோ சோதித்துப் பார்க்க வேண்டிய இடம் அது என்பது என் சொந்தக் கருத்து. ஒரு சித்த மருத்துவக் கல்லூரியும் ஒரு நரம்பியல் துறையும் சேர்ந்து, சாற்றின் அளவை நிர்ணயித்து, ஈயமும் பாதரசமும் இல்லையென்று சோதித்து, இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்து, இருநூறு பேரிடம் ஆறு மாதம் நடத்தினால், முடிவு எப்படி வந்தாலும் அதை இந்தப் பகுதியில் முதல் ஆளாக எழுதுவேன். உங்கள் பேராசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

என் மாமனாருக்கு 74 வயது. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். ஒன்றரை மாதத்துக்கு முன் நிலைப்படியில் தலை லேசாக இடித்தது, இரத்தம்கூட வரவில்லை. இப்போது பத்து நாளாக மறதி, தலைவலி, நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறார். வயதுக்கோளாறு என்று வல்லாரை லேகியம் கொடுத்துவருகிறோம். எவ்வளவு நாள் கொடுக்க வேண்டும்?
வாசகி, விழுப்புரம்

அம்மா, இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைக்கச் சொன்னேன். இதே நிலையில் வேறு வீடுகளிலும் முதியவர்கள் இருக்கக்கூடும் என்பதால் இங்கும் எழுதுகிறேன்.

வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குகிறது. மூளைக்கும் அதன் வெளி உறைக்கும் நடுவே பாலம்போல் செல்லும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. லேசான இடி ஒன்றே அவற்றில் ஒன்றைக் கிழிக்கப் போதும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுவோருக்குக் கசிவு எளிதில் நிற்பதில்லை. சொட்டுச் சொட்டாகச் சேர்ந்த இரத்தம் சில வாரங்களில் மூளையை அழுத்தத் தொடங்கும்போது மறதி, தலைவலி, தள்ளாட்டம், ஒரு பக்கப் பலவீனம் தோன்றும். வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த இடி மறந்தே போயிருக்கும். நீங்கள் நினைவு வைத்திருந்தது நல்லதாயிற்று. ஒரு சி.டி. ஸ்கேன் இதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். பெரும்பாலானோருக்கு மண்டையோட்டில் சிறு துளையிட்டு அந்த இரத்தத்தை வடித்தால் போதும். ஒரு வாரம் முன்புவரை பேரன் பெயரை மறந்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஸ்கேன் எடுக்கச் செல்லும்போது ஆஸ்பிரின் சீட்டையும் லேகியப் புட்டியையும் கையோடு எடுத்துச் சென்று, இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்பிரினை எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை நரம்பியல் அறுவை நிபுணரும் இதய மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டும்.